அரைக் கட்டை

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் உன் முழங்காலும் சண்டையில்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே நானும் வீட்டில் அவளும் சுகம். பல்லும் சுகம். அதனால் எங்களால் வருமானம் எதுவும் வராது என்று நீ வேலை பார்க்கும் பல் டாக்டரிடம் சொல்லிவிடு.

நல்ல சேதி முதலில். எங்கள் வாத்தியக் காப்பகத்தில் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார்கள். இருநூறு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கூட்டுப் பாட்டுகளை, அவை பிறந்த சுருதியிலேயே அக்டோபரில் பெரிய மண்டபத்தில் பாடப்போகிறோம். இன்றைய சுருதியைவிட அரைக் கட்டை கீழே. கேட்டுக் கேட்டு உன் காது புளித்திருக்கும், ஆனாலும் இதைச் சொல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. இன்றைய சுருதியில் அவற்றைப் பாடினால் மேல்குரல்காரர்களுக்குக் கழுத்து நரம்பு புடைக்கிறது. வார்த்தையெல்லாம் வெறும் கூச்சலாகிவிடுகிறது. பாட்டை எழுதியவன் முட்டாள் இல்லை. அவன் காலத்துச் சுருதியே கீழேதான் இருந்தது. அந்தக் காலத்துக் குழுத்தலைவன் தன் சட்டைப் பையில் வைத்திருந்த இசைக்கவைதான் அதற்குச் சாட்சி. அதைத் தட்டிக் காதருகே பிடித்துத்தான் அவன் பாடகர்களுக்கு முதல் சுரம் கொடுத்திருக்கிறான். என் புத்தகமும் என் பாதி ஆயுளும் அந்த ஒரு இரும்புத் துண்டின் மேல்தான் நிற்கின்றன.

இப்போது கெட்ட சேதி. வாத்தியங்களைப் பழுதுபார்க்கப் புதிதாக ஒருவன் வந்திருக்கிறான். எந்நேரமும் தேன்மெழுகு வாசனை அடிப்பதால் எல்லோரும் அவனை மெழுகு என்றே கூப்பிடுகிறார்கள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. போன வாரம் அந்த இசைக்கவையை எடுத்துத் தட்டினேன். அக்கா, சுருதி ஏறியிருக்கிறது. கொஞ்சம்தான். ஆனால் என் காதுக்குத் தப்புமா? பார்த்தால் இரண்டு முனையும் பளபளவென்று இருக்கின்றன. முனையை அராவினால் சுருதி ஏறும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது.

"இத என்னப்பா பண்ணின?" என்று கேட்டேன்.

"துரு பிடிச்சிருந்துச்சு சார், துணியால துடைச்சு வெச்சேன்," என்கிறான்.

துடைத்தானாம்! சுருதி சேர்க்க வருகிறவனை மட்டும் நம்பவே கூடாது என்று அப்பா சொல்வாரே, சும்மாவா சொன்னார்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் எலிக்காது


பிப்ரவரி 20

என் அருமை எலிக்காதுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறது, மற்றபடி நல்ல பிள்ளை. டாக்டரிடம் நீ சொன்னதைச் சொன்னேன். "அவர் பல்லு விழற வயசு வரட்டும், பேசிக்கலாம்"னு சொல்லச் சொன்னார்.

அக்டோபர் நிகழ்ச்சி பற்றிப் படித்ததும் எழுந்து வரவேற்பறையிலேயே ஒரு நடை நடந்துவிட்டேன். காத்திருந்த நோயாளி ஒருத்தி பயந்துவிட்டாள். எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய்! அப்பா இருந்திருந்தால் வெளியே காட்டிக்கொள்ளாமல் உள்ளே பூரித்திருப்பார்.

அந்த மெழுகு விஷயம். அவசரப்படாதே. அன்றைக்கு உனக்குச் சளி ஏதாவது பிடித்திருந்ததா? கருவி வைத்து அளந்து பார்த்தாயா?

சின்ன வயதில் நாம் விளையாடுவோமே, நினைவிருக்கிறதா? கதவு கிறீச்சிட்டால் "ரெண்டரை", விசில் அடித்தால் "அஞ்சு" என்று எந்தச் சத்தமானாலும் அதற்குக் கட்டை சொல்வது. நீதான் எப்போதும் முந்திக்கொள்வாய். அப்பா மேசையில் இருந்த பித்தளை மணி நாலு கட்டை. அதில் மட்டும் நமக்குள் சண்டையே வந்ததில்லை. அந்த மணி இப்போது என் அலமாரியில்தான் இருக்கிறது.

சும்மா ஒரு கேள்வி. உன் வீட்டு வாசல் மணி எப்படி இருக்கிறது? முன்பு கேட்ட மாதிரியே கேட்கிறதா?

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல்.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

இங்கே குளிர் விட்டபாடில்லை. அவளுக்கு இருமல், எனக்கு எரிச்சல். வேறு நோய் நொடி கிடையாது. நீ மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

சளியாம், இசைக்கவையை அளந்தாயா என்று கேள்வியாம்! அளவுகோலே நான்தான் என்று ஒரு காலத்தில் என்னைப் பிடித்து உட்கார வைத்து வாத்தியங்களுக்குச் சுருதி சேர்த்தார்கள். சரி, உனக்காக அளக்கவும் செய்தேன். என் புத்தகத்தில் அச்சாகியிருக்கும் அதே எண்ணைத்தான் கருவி காட்டுகிறது, இம்மியும் மாறாமல். உடனே சமாதானம் ஆகிவிடாதே. அந்தக் கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்து, திருகி, சரிபார்த்துக் கொடுத்தவன் யார்? மெழுகு. அவன் மேசை இழுப்பறையில் சன்னமான அரம் ஒன்றும் பார்த்தேன். எல்லாப் பழுதுகாரர்களிடமும் இருக்கும் என்பாய். இருக்கட்டுமே. கத்தி எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது.

அவனுக்கு இதனால் என்ன லாபம் என்று யோசித்தேன். இதற்கு முன் அவன் வேலை பார்த்த பட்டறைக்காரர், என் புத்தகத்தை மேடையிலேயே கிழித்துப் பேசிய மனிதர். அந்தக் காலத்திலும் சுருதி இன்று போலத்தான் இருந்தது என்று சாதிக்கிறவர். சாட்சியை அராவிவிட்டால் வழக்கு முடிந்தது. போதுமா?

வாசல் மணியைப் பற்றிக் கேட்டிருந்தாய். உனக்கு எப்படித் தெரிந்தது? அதுவும் ஏறித்தான் இருக்கிறது. மின்வேலைக்காரன் வந்தபோது மாற்றியிருக்க வேண்டும். இவள் மாற்றவே இல்லை என்கிறாள். ரயில் நிலையத்து அறிவிப்பு மணி, வானொலியில் பாடுகிற குழுக்கள், எல்லாம் ஏறிக்கொண்டே போகின்றன. இதைத்தானே நான் புத்தகத்தில் எழுதினேன்? காது கூசக் கூசச் சுருதியை ஏற்றிக்கொண்டே போவதுதான் இந்த உலகத்தின் இருநூறு வருஷப் பழக்கம். என் கண் முன்னாலேயே நடக்கும் என்று மட்டும் நினைக்கவில்லை.

நீ ஒரு தடவை ஒத்திகைக்கு வந்து கேளேன். கீழ்க்குரலில் ஒரு ஆள் குறைகிறது. உன் குரலை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

எலிக்காது


ஏப்ரல் 2

தம்பிக்கு,

இருமல் மருந்தின் பெயரைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன், அவளிடம் கொடு. நான் ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன்.

ஒத்திகைக்குக் கூப்பிட்டதற்குச் சந்தோஷம். என் தொண்டை விஷயம் உனக்குத் தெரியும். எட்டு வருஷமாக விட்டதை இனிமேல் எங்கே போய்ப் பிடிப்பது? இங்கே பல் குடையும் கருவியின் கச்சேரியே எனக்குப் போதும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ஆள் மேல் எழுத்தில் எதுவும் கொடுத்துவிடாதே. வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. காகிதத்தில் வேண்டாம். ஏன் என்று கேட்காதே. அக்கா சொன்னேன் என்று வைத்துக்கொள்.

வேறு எழுத ஒன்றும் இல்லை.

அக்கா


ஏப்ரல் 15

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், நீ நலம்தானே?

உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே புகாரைக் கொடுத்துவிட்டேன். காப்பகப் பொருளைச் சேதப்படுத்தினான் என்று இரண்டு பக்கம். ஜூன் முதல் வாரம் விசாரணை. நிரூபணமானால் அவனை வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள். காப்பகத் தலைவி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "யோசிச்சுத்தான் குடுக்கறீங்களா?" என்று கேட்டார். யோசிக்காமல் நான் தும்மக்கூட மாட்டேன் என்றேன்.

இனி உன் பக்கம் வருகிறேன். "ஏன் என்று கேட்காதே" என்று எழுதுகிறாய். நான் சொல்லாத வாசல் மணியைப் பற்றி நீயாகவே கேட்கிறாய். நேற்று சமையலறை அலமாரியில் ஒரு உறையைப் பார்த்தேன். உன் கையெழுத்து. ஆனால் என் பெயருக்கு இல்லை. "என்ன இது?"ன்னு கேட்டேன். "பொம்பளைங்க விஷயம்"னு சொல்லிவிட்டு உள்ளே எடுத்துப் போய்விட்டாள். முப்பது வருஷத்தில் நீங்கள் இருவரும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் பேசிக்கொண்டது என் பிறந்தநாளுக்கு மட்டும்தான். என் பிறந்தநாள் டிசம்பரில்.

காதும் காதும் வைத்த மாதிரி என்ன நடக்கிறது?

தம்பி


மே 20

அக்காவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. பதில் இல்லை. உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று இவள் சொல்கிறாள். உன் உடம்பைப் பற்றி இவளுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் சொல்லிவிடப் போகிறாளா?

நேற்று ஒத்திகையைப் பாதியில் நிறுத்திவிட்டேன். இசைக்கவையைத் தட்டி முதல் சுரம் கொடுத்தார்கள். எல்லோரும் பிசகாமல் அதிலேயே நின்று பாடினார்கள். என் காதில் அது இன்றைய சுருதி. ரேடியோவில் கேட்கிற அதே உயரம். "கீழ வாங்க, கீழ வாங்க" என்று கத்தினேன். கீழே வந்தார்கள். வந்ததும் வரிசையில் மூத்தவர், "சார், கவை ஒரு சுரம் சொல்லுது, நீங்க வேற சுரம் சொல்றீங்க. நாங்க யார் பேச்சக் கேக்கறது?" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

பாடகர்களையும் மெழுகு வளைத்துப் போட்டுவிட்டான் என்று நினைக்கிறேன். அவர்களோடு உட்கார்ந்துதான் சாப்பிடுகிறான்.

இதை இவளிடம் சொன்னபோது அழுதாள். எதற்கு அழ வேண்டும்?

எழுது அக்கா.

எலிக்காது


ஜூன் 4

அக்காவுக்கு,

நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

விசாரணையைத் தள்ளிவைத்துவிட்டார்கள். காரணம் கேட்டேன். "உங்க குடும்பத்திலேருந்து ஒருத்தர் எழுதியிருக்காங்க, கொஞ்சம் பொறுக்கச் சொல்லி" என்றார் தலைவி. கடிதத்தைக் காட்ட மாட்டேன் என்றுவிட்டார். இவள் எழுதவில்லை என்று சத்தியம் செய்கிறாள். குடும்பம் என்று எனக்கு மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான்.

மெழுகு உனக்கு யார்? முகம் தெரியாத ஒரு பழுதுகாரனுக்காக உன் கூடப்பிறந்தவனை ஊர் சிரிக்க வைக்கிறாய். உனக்குப் பாட முடியாமல் போனதில் என் மேல் ஏதாவது கோபம் இருந்ததா? நான் மேடை ஏறுவது பிடிக்கவில்லையா? இப்படியெல்லாம் யோசிக்கிற நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டாய்.

இதற்காவது பதில் போடு.


ஜூன் 12

அன்புத் தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இல்லை என்று தெரியும்.

தலைவிக்கு எழுதியது நான்தான். உன் மனைவி ஜனவரியிலிருந்தே எனக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள், அதுவும் உண்மை. நீ ரேடியோவோடு சண்டை போடுகிறாய் என்று முதலில் சிரித்துக்கொண்டுதான் எழுதினாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அவளைத் திட்டாதே, திட்டுவதானால் என்னைத் திட்டு. எனக்குப் பழக்கம்.

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எழுத ஆரம்பித்த கடிதங்களை எல்லாம் நானே கிழித்துப் போட்டதுதான். கடைசியில் கடிதம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். இத்துடன் பார்சலில் அப்பாவின் மேசை மணியை அனுப்பியிருக்கிறேன். அப்பா போனதிலிருந்து அது என் அலமாரியை விட்டு இறங்கியதில்லை. மெழுகு அதைப் பார்த்ததுகூட இல்லை.

யாரும் இல்லாத நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு அடித்துப் பார். எத்தனை கட்டை என்று எனக்கு எழுது.

அக்கா


ஜூலை 1

அக்காவுக்கு,

மணி வந்து சேர்ந்தது. உடையாமல் வந்தது.

நாலரை.

முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? நீ அராவிவிட்டாய் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என்னை மன்னித்துவிடு. பூதக்கண்ணாடி வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். விளிம்பு முழுக்கப் பழைய பச்சைக் களிம்பு அப்படியே இருக்கிறது. சின்ன வயதில் நான் மாடியிலிருந்து போட்டு உடைக்கப் பார்த்த இடத்தில் அந்த நெளிவு இருக்கிறது. யாரும் அதைத் தொடவில்லை. தொடாமல் மணி ஏறாது.

மறுபடி அடித்தேன். இவள் கதவைத் தட்டி, "சாப்பிட வாங்க" என்றாள். அவள் குரல்கூட. அக்கா, அவள் குரல்கூட ஏறியிருக்கிறது. நான் எப்படி இதைக் கவனிக்காமல் இருந்தேன்?

எனக்குப் பயமாக இருக்கிறது. இது என்ன?

எலிக்காது


ஜூலை 10

என் எலிக்காதுக்கு,

முதலில் சாப்பிடு. அவள் கூப்பிட்டால் எழுந்து போ.

மணிக்கு ஒன்றும் ஆகவில்லை. இசைக்கவைக்கும் ஒன்றும் ஆகவில்லை. நம் மாதிரிக் காது உள்ளவர்களில் சிலருக்கு ஐம்பதைத் தாண்டினால் இப்படி ஆகிறதாம். உள்ளே ஏதோ இறுகிப் போய், கேட்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிவிடும். மற்றவர்களுக்கும் இந்தத் தேய்மானம் இருக்கலாம், ஆனால் எந்தச் சத்தம் எந்தக் கட்டை என்று தெரியாதவர்களுக்கு அது தெரியவே தெரியாது. இதை என்னிடம் சொன்ன காது டாக்டர், "வைத்தியம் கிடையாதும்மா, பழகிக்கணும்" என்றார். என் காதைப் பார்த்துச் சொன்னார், உனக்காகக் கேட்டதில்லை. இது எட்டு வருஷத்துக்கு முன்னால்.

என் தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. எல்லோரும் மேலே பாடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. நான் சரி என்று நினைத்துப் பாடினால் பக்கத்தில் நிற்பவள் திரும்பிப் பார்க்கிறாள். "அரைக் கட்டை எறங்கி நிக்கறீங்க" என்று குழுத்தலைவர் எல்லார் முன்னாலும் சொன்னார், நேற்றுச் சேர்ந்த பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. காகிதத்தில் ஒன்று எழுதியிருக்கும், காதில் வேறொன்று விழும். பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. தொண்டை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காது போய்விட்டது என்று உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

அப்பாவை நினைத்துப் பார். பியானோவுக்குச் சுருதி சேர்க்க வந்தவர்களை ஒருவர் பின் ஒருவராக விரட்டினாரே. "ஏத்தி வெச்சுட்டுப் போறான் திருட்டுப் பய" என்று கத்துவார். நாம் கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்போம். அதில் ஒருவர் மிகவும் நல்ல மனிதர். அப்பாவுக்கு ஊரில் பெயர் இருந்ததால் அவரை அதற்குப் பிறகு யாருமே கூப்பிடவில்லை. அப்பா சாகிறவரை தன் காதைச் சந்தேகப்படவே இல்லை.

அதனால்தான் காகிதத்தில் கொடுக்காதே என்றேன். அப்போதே விஷயத்தையும் சொல்லியிருக்க வேண்டும். உனக்கு ஒரு எதிரி இருப்பதைவிட இது மோசமான செய்தி என்று நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

உன் புத்தகத்துக்கு ஒரு குறையும் இல்லை, அதையும் கேட்டுக்கொள். அந்த எண்ணை நீ எழுதியபோது உன் காது சரியாக இருந்தது. கருவியும் அதையேதான் சொல்கிறது. இனிமேல் நீ நம்ப வேண்டியது கருவியை. புகாரைத் திரும்ப வாங்கிவிடு. காரணத்தையும் சொல்லி வாங்கு, அப்போதுதான் அந்த ஆள் மேல் கறை இருக்காது.

அக்கா


அக்டோபர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் சௌக்கியமா? நாங்கள் இருவரும் சௌக்கியம். இவளுடைய குரல் எனக்குப் பழகிவிட்டது. வேறு யாரோ வீட்டில் இருக்கிற மாதிரி ஒரு மாதம் தோன்றியது, இப்போது இல்லை.

இடையில் எழுதாததற்குக் கோபிக்காதே. புகாரைத் திரும்ப வாங்கினேன். தலைவியின் அறையில் மெழுகையும் உட்கார வைத்துக்கொண்டு, "தப்பு என் காதில்" என்று சொன்னேன். அப்படிச் சொல்லும்போது சட்டையைக் கழற்றி வைத்த மாதிரி இருந்தது. அவன் முதலில் தலைவியைப் பார்த்தான். அப்புறம், "துணியக் கேட்டிருந்தா காட்டியிருப்பேன் சார், துரு அதுல இன்னும் இருக்கு" என்றான். இந்த மாதம் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஆனால் நான் அவன் வேலையறைக்குள் போனால் இன்னும் இழுப்பறையைச் சாத்திப் பூட்டுகிறான். நான் அதற்குத் தகுதியானவன்தான்.

நிகழ்ச்சி போன சனிக்கிழமை நடந்தது. இசைக்கவையைத் தட்டிச் சுரம் கொடுக்க மெழுகையே கேட்டுக்கொண்டேன். எனக்குத் தைரியம் இல்லை. மண்டபம் நிறைந்திருந்தது. பாட்டு ஆரம்பித்ததும் ஜனங்கள் அசையவில்லை. முடிந்ததும் ஒரு அம்மாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்ன வயசுலேருந்து கேக்கறேன், இந்தப் பாட்டுல இவ்வளவு வார்த்தை இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றாள். என் புத்தகத்தைக் கிழித்துப் பேசிய அந்தப் பட்டறைக்காரர்கூட எழுந்து நின்று கைதட்டினார்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அது எனக்குக் கிடைக்கவில்லை. அரைக் கட்டை கீழே பாடினார்கள், என் காது அரைக் கட்டை மேலே ஏற்றிக் கொடுத்தது. கூட்டிக் கழித்தால் இன்றைய சுருதி. கல்லூரி நாட்களில் நாம் இந்தப் பாட்டுகளைக் கேட்ட அதே உயரம், எதை மாற்றப் பாடுபட்டேனோ அதே. பாடகர்களின் கழுத்தைப் பார்த்தேன். நரம்பு புடைக்கவில்லை. அதை வைத்துத்தான் கீழே பாடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். அத்தனை வருஷம் அந்தச் சத்தத்தைத் தேடிப் போனேன், அக்கா. மண்டபத்தில் எல்லோருக்கும் கிடைத்தது. என்னைத் தவிர.

எலிக்காது


நவம்பர் 2

என் அருமைத் தம்பிக்கு,

முழங்கால் வீங்கியிருக்கிறது. காரணம், நான் ரயிலேறி வந்து உன் மண்டபத்தின் கடைசி வரிசைவரை படி ஏறியது. கத்தாதே. உன் மனைவிதான் சீட்டு வாங்கி வைத்தாள். பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள். "கொஞ்சம் காத்தாட இருக்கட்டும்"னு உன்னிடம் சொல்லிவிட்டுப் பின்னால் வந்தாளே, என்னிடம்தான் வந்தாள். நீ என்னைப் பார்த்தால் பாட்டைக் கவனிக்க மாட்டாய் என்று நினைத்துத்தான் சொல்லாமல் வந்தேன். இனி உனக்குத் தெரியாமல் எதுவும் இல்லை. சந்தேகப்பட வேண்டுமானால் வேறு இடம் பார்.

முதல் பாட்டு எனக்கும் அப்படித்தான் கேட்டது, சாதாரணமாக. இவ்வளவு பாடுபட்டவனுக்கு இதுவா என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம்தான் வாசலில் கொடுத்த பாட்டுத் தாளைப் பிரித்தேன்.

தம்பி, தாளில் என்ன சுரம் எழுதியிருந்ததோ, அதே சுரம் என் காதில் விழுந்தது. எட்டு வருஷத்தில் முதல் தடவை. கண்ணும் காதும் ஒன்றுக்கொன்று பொய் சொல்லவில்லை. உன்னிடம் அந்தத் தாள் இருக்குமே, அடுத்த ஒத்திகையில் மடியில் வைத்துக்கொண்டு கேள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் அதைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு அது கீழ்ச்சுருதியாகவா கேட்டிருக்கும்? கவை கொடுத்ததுதான் அவர்களுக்குச் சுருதி. வந்திருந்த கூட்டம் ஒரு பழைய அதிசயத்தைக் கேட்டுவிட்டுப் போனது. அந்தக் காலத்து ஆட்கள் கேட்ட மாதிரி, வெறும் பாட்டாகக் கேட்டது நாம் இரண்டு பேர்தான்.

நாலாவது பாட்டில் என்னையறியாமல் கீழ்க்குரலோடு சேர்ந்துவிட்டேன். மெதுவாகத்தான். எனக்குச் சரி என்று பட்ட இடத்திலேயே பாடினேன், இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. எனக்கு முன் வரிசைக்காரி திரும்பிப் பார்த்தாள். பழைய பயத்தில் இருமுவது போல் நடித்தேன். அவளோ சிரித்துவிட்டுத் தன் தாளை நானும் பார்க்கிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள். உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அண்ணி, தொண்டை போச்சுன்னீங்களே" என்றாள்.

பல் டாக்டரிடம் சனிக்கிழமைகளில் லீவு கேட்டிருக்கிறேன். முகத்தைச் சுளித்தார், ஆனால் கொடுத்துவிட்டார். மார்ச் மாதம் கீழ்க்குரலில் ஒரு ஆள் குறைகிறது என்று எழுதியிருந்தாயே, அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறதா? இருந்தால் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை. முழங்காலுக்கு ஏற்ற மாதிரி, கொஞ்சம் உயரமான நாற்காலி.

அக்கா